அணைத்தால் அணைய வேண்டும்

மார்ச் 4
சோதனைத் தடக் குடியிருப்பு

தம்பி,

நீ அனுப்பிய ஒப்புதல் தாளைக் கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கசங்கியிருப்பது தபால்காரர் தவறு இல்லை. நான்தான் கசக்கினேன். பிறகு கம்பெனிச் சொத்தாயிற்றே என்று உள்ளங்கையால் தேய்த்து நிமிர்த்தினேன்.

போனில் பேசித் தொலைக்கக் கூடாதா என்பாய். இங்கே கேட்டில் நுழையும்போதே போனைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். வெளியே தெரியக்கூடாத கார்களைப் படம் எடுத்துவிடுவோமாம். கம்பெனி மின்னஞ்சலில் எழுதினால் உனக்கு முன்னால் நாலு பேர் படிப்பார்கள். ஆகவே காகிதம். திட்டத் தலைவருக்கு அக்கா கையால் எழுதிய கடிதம் வருவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. உனக்குத் தெரியும், ஆனால் மறந்த மாதிரி நடந்துகொள்வதால் எழுதுகிறேன். நம் கீரி காரில் ஒரு புதுத் தலைமுறை வந்தால், தலைமை ஓட்டுநர் பழைய கீரியையும் புதியதையும் ஒரே நாளில் குன்றுத் தடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு 'இது கீரிதான்' என்று கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் டிக்கி மேல் அந்தப் பெயரைப் பதிக்கலாம். எழுதாவிட்டால் காரைத் தாராளமாக விற்கலாம், வேறு பெயரில். இப்போது அந்தத் தலைமை ஓட்டுநர் நான். உன் ஏழாவது தலைமுறையை ஓட்டினேன். எழுத மாட்டேன்.

காரணம் ஒரே ஒரு பொத்தான். வளைவில் கார் வழுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்கும் காவல் ஒன்று இருக்கிறதே, அதை வேண்டாம் என்கிறவர்களுக்காக ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்து 'அணை' என்று எழுதியிருக்கிறாய். அழுத்தினேன். விளக்கு அணைந்தது. காவல் அணையவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது ஏமாத்து வளைவில். அந்த வளைவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரிவது போலக் காட்டிப் பாதியில் சுருங்கும். நான் பிரேக்கைத் தொடவே இல்லை, ஆனால் யாரோ தோளைத் தொட்ட மாதிரி முன்பக்கம் லேசாக உள்ளே இழுத்தது. மெக்கானிக்குகளிடம் சொல்லிப் பிரேக் வட்டுகளில் சூடு பட்டால் நிறம் மாறும் மையைப் பூசச் சொன்னேன். காவலை அணைத்து மறுபடி போனேன். இறங்கிப் பார்த்தால் உட்பக்கச் சக்கரத்தின் வட்டு கருத்துக் கிடந்தது. நான் மிதிக்காத பிரேக்கை யார் மிதித்தது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஏமாத்து வளைவில் மறைக்க முடியாது. அணைத்தால் அணைய வேண்டும். நிஜமாகவே அணையும்படி செய்து கொண்டு வா, எழுதித் தருகிறேன்.

அக்கா


மார்ச் 10
தலைமை அலுவலகம்

அக்கா,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தது என் தப்பு. படிக்கும்போது என் முகம் போன போக்கைப் பார்த்து, வீட்டில் ஏதாவது துக்கமா என்று செயலாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

காவல் முழுக்க அணையாது என்பது எனக்குத் தெரியும். அது தவறிப்போய் நடந்ததில்லை, வேண்டுமென்றே வைத்தது. கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறோம். பாதுகாப்புப் பிரிவு கேட்டது, வக்கீல்கள் கேட்டார்கள், நான் சரி என்றேன். இந்தக் காரை வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் நீ இல்லை. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மழையில் வீட்டுக்குப் போகிற அப்பன் ஒருவன் இருப்பான். வீரத்தில் பொத்தானை அழுத்துவான். அவன் குழந்தைகளுக்காக அந்த மிச்சம்.

உண்மையைச் சொல், உனக்குப் பொத்தானா பிரச்சினை? பேட்டரிக் கார் என்பதுதான் உனக்கு உறுத்துகிறது. கியர்க் குச்சி இல்லை, பெட்ரோல் வாசனை இல்லை, உறுமல் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உன்னை நான் சொல்ல முடியாது, உனக்கு ஆடத் தெரியும். ஆனால் கூடம் மாறிவிட்டது அக்கா.

இதற்குள் நான் என்னவெல்லாம் போட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. என் மகள் நடக்கப் பழகியதை நான் வீடியோவில்தான் பார்த்தேன். கீரி என்ற பெயர் இல்லாவிட்டால் இது பத்தோடு பதினொன்றாகப் போகிற ஒரு பேட்டரிக் கார். போட்ட முதலைப் பார்த்துவிட்டு ஒரே வருஷத்தில் மூடிவிடுவார்கள். கீரி வம்சமே ஆறோடு முடியும். முடித்து வைத்தது யார் என்றால், திட்டத் தலைவனின் சொந்த அக்கா.

இன்னொன்று. இயக்குநர் மெத்தை காதுக்கு விஷயம் போய்விட்டது. (எந்தக் காரைக் காட்டினாலும் முதலில் சீட்டை அமுக்கிப் பார்க்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது.) "ஒரு டிரைவரம்மா சொல்லியா நாம பேர் வைக்கணும்? சிமுலேட்டர் எதுக்கு வாங்கினோம்?" என்று கேட்கிறார். நான் சமாளித்து வைத்திருக்கிறேன். வீம்பு பண்ணாதே.

அடுத்த வாரம் விளம்பரப் படத்துக்காக ஏழு தலைமுறைக் கார்களும் அங்கே வருகின்றன. ஏழையும் நீதான் ஓட்ட வேண்டும். கொஞ்சம் சிரித்துவிடு.

தம்பி


மார்ச் 21
சோதனைத் தடம்

தம்பி,

சிரித்தேன். படம் எடுத்த பையன்கள் திருப்தியாகப் போனார்கள். ஏழையும் வரிசையாக நிறுத்தியபோது எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. முதல் கீரியை ஏழாவதன் பக்கத்தில் நிறுத்தினால் தாயும் குட்டியும் போல இருக்கிறது, ஆனால் குட்டிதான் தாய். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதைக் கேட்டிருக்கிறோம். கட்டெறும்பு வளர்ந்து கழுதையானதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

எனக்குப் பழசு மேல் மோகம் என்று எழுதியிருந்தாயே. ஒவ்வொன்றையும் ஓட்டியவள் சொல்கிறேன், கேள்.

முதலாவது பெட்டி. சாதாரண நாலு கதவுக் குடும்பக் காருக்குள் சரக்கு வேனின் பெரிய எஞ்சினைத் திணித்தார்கள், அவ்வளவுதான். பார்த்தால் பசு, பாய்ந்தால் புலி. அம்மா வாங்கியது இதைத்தானே. கடையில் அது ஒன்றுதான் இருந்தது, அடக்கமான கார் என்று நினைத்து வாங்கினாள். பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரியின் ஜீப்பை மேட்டில் முந்திவிட்டு, அவருக்கு முன்னால் தன் தலைமையாசிரியை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு "ஏன் லேட்டு?" என்று கேட்டவள். நல்ல கார்தான். ஆனால் பிரேக் என்பது அதில் ஒரு வேண்டுகோள். நிற்பதும் நிற்காததும் அதன் விருப்பம்.

இரண்டாவது கிறுக்கி. டர்போ வைத்தார்கள். மிதித்தால் ஒன்றும் நடக்காது; மிதித்ததையே நீ மறந்த பிறகு எல்லாம் சேர்ந்து நடக்கும், பெரும்பாலும் வளைவின் நடுவில். அதை நேசிக்கிறவர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். நான் உறுப்பினர் இல்லை.

மூன்றாவது மகராசி. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தார்கள். சேற்றிலும் பனியிலும் ஜெயித்தது, ஊரெல்லாம் சுவரொட்டி. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தது அதன் காலத்தில். அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, விடு.

நாலாவது மாமியார். நீளம், அகலம், மரப்பலகை, மெத்தை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது, ஓட்டினால் உட்கார மனம் வராது. அப்போதைய தலைமை ஓட்டுநருக்கு அது கீரி இல்லை என்று முதல் சுற்றிலேயே தெரியும். அவரே என்னிடம் சொன்னார். ஆனால் நல்ல மனிதர், எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. தாட்சண்யத்துக்காக எழுதிக் கொடுத்தார். கடைகளில் அது தூங்கியதே, அது உனக்கு நினைவிருக்கும். உன் சம்பளமே அந்த வருஷம் தள்ளிப் போனது. ஒருவர் தாட்சண்யத்தில் ஒரு தலைமுறையே போயிற்று.

ஐந்தாவது மன்னிப்பு. கொழுப்பையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு வந்தது. ஆறாவது சமத்து. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும், எதையும் தப்பாகச் செய்யாது, கொஞ்சம் அலுப்புத் தட்டும். இரண்டுக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். கியர்க் குச்சி போன காருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். பழசைப் பிடித்துத் தொங்குகிறவள் என்றால் அன்றே கையை மடக்கியிருப்பேன். சமத்தில் அணைத்தால் அணைகிறது.

இனி ஏழாவது. மெக்கானிக்குகள் ஊமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். தம்பி, நன்றாகக் கேட்டுக்கொள். இதன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் மகராசிக்குப் பிறகு நான் தொட்டதிலேயே சிறந்தவை. பேட்டரி அடியில் கிடப்பதால் வளைவில் உட்கார்ந்து போகிறது. மிதித்த கணமே கேட்கிறது. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது, சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம். இவ்வளவு நல்ல காரைப் பொய் சொல்ல வைத்திருக்கிறாயே.

பொய் என்றதும் இன்னொன்று நினைவு வந்தது. ஸ்பீக்கரில் ஒரு உறுமல் வைத்திருக்கிறாயே, பரம்பரை ஒலி என்று. உறுமலுக்கு இடையில் 'டுக் டுக்' என்று ஒன்று கேட்கும், கவனித்தாயா? அது எஞ்சின் இல்லை. எக்ஸாஸ்ட் குழாய் இணைப்பில் விரிசல். அருங்காட்சியகத்தில் நிற்கிற பெட்டியில்தானே பதிவு செய்தீர்கள்? அது அம்மா விற்ற கார். அந்த விரிசலைச் சரி பண்ணச் சொல்லி நான் அம்மாவிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இப்போது அதைப் புதுக் காரில் காசு கொடுத்துக் கேட்கப் போகிறார்கள். எனக்கு அந்த உறுமல் வேண்டாம். ஊமை ஊமையாகவே இருக்கட்டும், குறைந்தது அது உண்மை.

அக்கா


ஏப்ரல் 2
தலைமை அலுவலகம்

அக்கா,

அந்த ஒலியைப் பல ஊர்களில் ஆட்களை உட்கார வைத்துக் கேட்க வைத்துத் தேர்ந்தெடுத்தோம். அந்த 'டுக் டுக்' இருப்பதைத்தான் எல்லாரும் 'உயிர் இருக்கிறது' என்றார்கள். உன் கடிதம் வந்த பிறகு ஒலிப் பிரிவில் போய் மறுபடி கேட்டேன். அம்மா ஸ்கூலுக்குக் கிளம்பும் சத்தம்தான். எப்படி எனக்குத் தெரியாமல் போனது? யாரிடமும் சொல்லவில்லை. மெல்ல அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இனி நல்ல செய்தி இல்லை.

மெத்தை நேற்று என்னைக் கூப்பிட்டார். உன்னைத் தலைமை அலுவலகத்துக்கு ஆலோசகராக மாற்றுகிறார்கள். சம்பளம் கூடுதல், தனி அறை, ஜன்னல் உண்டு. ஒப்புதல் எழுதும் பொறுப்பு சிமுலேட்டர் பிரிவுக்குப் போகிறது. திட்டத் தலைவன் என்பதால் ஆணையில் நான் கையெழுத்திட வேண்டும் என்றார். இட்டேன்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள். நான் இடாவிட்டால் உன்னை அனுப்பியே விடுவதாக இருந்தார். இது உன்னைக் காப்பாற்றத்தான். அந்த ஒரு வரியை நீயே எழுதிவிட்டால் இந்த ஆணையைக் கிழித்துவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு வார்த்தை அக்கா. உலகத்தில் யாருக்கும் அதனால் கேடில்லை.

அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எனக்காக உன்னிடம் பேசுவாள் என்று நினைத்தேன். "உங்களுக்கு எப்பவுமே கீரியும் பாம்பும்தான். இப்ப நீங்க செய்யறதே கீரி, அப்ப பாம்பு யாருடா?" என்று சிரித்தாள். பொத்தான் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பரிட்சை ஹால்ல 'நீயே எழுது'ன்னு சொல்லிட்டு, பின்னால நின்னு கையைப் பிடிச்சு எழுதினா மார்க் யாருக்குடா?" என்றாள். நான் தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன். எல்லாரும் உன் பக்கம்தான். வேலை மட்டும் என் தலையில்.

தம்பி


ஏப்ரல் 7

தம்பி,

ஆணை வந்தது. ஆலோசகர் என்றால் யாரும் ஆலோசனை கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம். ஜன்னல் வைத்துத் தருகிறார்களாம், வெளியே கார் போவதைப் பார்க்க.

அடியில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அந்தக் கையெழுத்தை உனக்குப் போடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். கை நடுங்கிய மாதிரித் தெரியவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

என்னைக் காப்பாற்ற என்றாயே. நான் உன்னிடம் காப்பாற்று என்று கேட்டேனா? நீ அந்தப் பொத்தானில் செய்ததும் இதுதான், எனக்குச் செய்ததும் இதுதான். நான் ஓட்டுகிறேன் என்று என்னை நினைக்க வைத்துவிட்டுப் பின்னாலிருந்து பிரேக் மிதிக்கிறாய்.

எழுத மாட்டேன். தனி அறைக்கும் வர மாட்டேன். என்னை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் நேராக அனுப்பச் சொல், கேட்டில் போனை வாங்கிக்கொண்டு நடந்து போகிறேன். சிமுலேட்டர் 'இது கீரிதான்' என்று சொன்னால் சொல்லட்டும். வழுக்கி விழாத மிஷினுக்கு வழுக்கல் என்ன தெரியும்? ஆனால் அந்த வரியை நான் எழுதியதாக எங்காவது போட்டீர்கள் என்றால், வாசலில் நின்று கத்துவேன். எனக்கு வெட்கம் கிடையாது, உனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. டிரைவர் வைத்துக்கொண்ட பிறகு நீ ஒரு காரைக் கையில் எடுத்தது எப்போது? நீ செய்த கார்தானே, நீயே ஓட்டிப் பார். மழை பெய்த மறுநாள் வா. சமத்தையும் ஊமையையும் எடுத்துக்கொள், இரண்டிலும் அணைத்துவிட்டுக் குன்றுத் தடத்தில் போ. கேட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நான் அன்றைக்கு எதிரில் வர மாட்டேன். உன் முகத்தைப் பார்க்க இப்போது எனக்கு விருப்பமில்லை.

அக்கா


ஏப்ரல் 24
வீட்டிலிருந்து

அக்கா,

வந்தேன். ஓட்டினேன். உன் மெக்கானிக்குகள் சொல்லியிருப்பார்கள், சிரித்தும் இருப்பார்கள். ஹெல்மெட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டேன், அதையும் சொன்னார்களா?

முதலில் சமத்து. அணைத்துவிட்டு ஏமாத்து வளைவுக்குப் போனேன். பாதியில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வெளியே போயிற்று. நான் "அம்மா!" என்று கத்தினேன். என்ன செய்தேன் என்று தெரியாது, கார் குறுக்காக நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக், "சார், சீக்கிரம் மிதிச்சிட்டீங்க" என்றார். எனக்கும் அது தெரிந்திருந்தது. அதுதான் விசேஷம்.

அப்புறம் ஊமை. அதே வளைவு, அதே வேகம், அதே முட்டாள்தனம். அழகாகப் போயிற்று. நான் அந்த வளைவை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக, அக்கா, நான் நல்ல ஓட்டுநர் என்று பூரித்துப் போனேன். பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தேன், பாராட்டுவார் என்று. அவர் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் விளக்கு அடித்துக் காட்டினார். வட்டு முழுக்கக் கருப்பு.

பாதுகாப்பு என்று சொல்லித்தான் அந்த மிச்சத்தை வைத்தேன். காவல் இருக்கிறது என்று தெரிந்து ஓட்டினால் அது பாதுகாப்பு. இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தால் அது முகஸ்துதி. பின்சீட்டில் குழந்தையை வைத்திருக்கிற அந்த அப்பனை நான் இரண்டு மடங்கு முட்டாளாக்கி அனுப்பப் பார்த்தேன். ஒருநாள் அந்த மிச்சத்தாலும் பிடிக்க முடியாத வேகத்தில் போவான், தன்னை நம்பி.

மறுநாள் சாப்ட்வேர் எழுதும் பெண்ணிடம் போனேன். முழுக்க அணைக்க எவ்வளவு நாளாகும் என்றேன். "ரொம்ப நேரம் ஆகாது சார். முதல்லயே எழுதினேன், எடுக்கச் சொன்னீங்க" என்றாள். எடுக்கச் சொன்னவன் நான்தான்.

இப்போது இப்படி வைத்திருக்கிறோம். காரை ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் காவல் முழுசாக இருக்கும். அணைக்க வேண்டுமென்றால் பொத்தானைக் கை வலிக்கிற வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், தவறுதலாக நடக்காது. அணைந்ததும் கண்ணுக்கு நேராக 'இனி நீங்கள் மட்டும்தான்' என்று எழுத்து வரும். வந்தால் அது உண்மை.

மெத்தையிடம் நேராகப் போய்ச் சொன்னேன். கத்தினார். நானும் கத்தினேன், என் குரலா என்று எனக்கே ஆச்சரியம். கடைசியில் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் நேரில் வருவார், கேமராவும் வரும். நீ ஓட்ட வேண்டும். நான் வரக்கூடாதாம், "அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகம் ஆடுவீங்க" என்கிறார். அதுவரை உன் மாற்றல் ஆணை நிற்கிறது.

அந்தக் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டால் நீ கடிதத்தைக் கசக்குவாய். கேட்கவில்லை. ஓட்டு.

தம்பி


மே 9
சோதனைத் தடம்

தம்பி,

யாராவது உனக்கு முந்திக்கொண்டு சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். காரைச் சுழற்றிவிட்டேன்.

காலையிலிருந்து மழை. மெத்தை குடையும் பளபளக்கிற ஷூவுமாக வளைவுக்கு வெளியே கூடாரத்தில் நின்றார். சமத்தில் முதலில் போய் வந்தேன், தகராறு இல்லை. அப்புறம் ஊமை. பொத்தானை அழுத்திப் பிடித்தேன், உன் எழுத்து வந்தது. முதல் சுற்று அருமை. பின்பக்கம் லேசாக நகர்ந்தது, நான் பார்த்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் இரண்டாம் சுற்றில் எனக்கு ஆசை வந்துவிட்டது. வளைவு சுருங்குமுன்னே ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சின்னப் பிள்ளை செய்கிற தப்பு. பேட்டரி கனம் முழுக்கப் பின்னாலிருந்து என்னை முந்திக்கொண்டு வந்தது. உலகம் பம்பரமாகச் சுற்றியது. புல், வானம், கூடாரம், மறுபடி புல். கடைசியில் பின்பக்கமாகச் சேற்றில் போய் அமர்ந்தேன். எஞ்சின் இல்லையா, ஒரு சத்தமும் இல்லை. கூரையில் மழை மட்டும்.

தம்பி, எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. கழுத்தில் லேசான பிடிப்பு, வேறொன்றும் இல்லை, பயப்படாதே. சிரிப்பு ஏன் என்றால், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கார் என்னிடம் உண்மையைச் சொன்னது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். மெத்தையும் வந்தார், ஷூ சேற்றில் புதைந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சாப்ட்வேர் கோளாறா?"

"இல்ல சார்."

"டயரா?"

"இல்ல. தப்பு என்னோடது. அவசரப்பட்டு மிதிச்சிட்டேன். அதுக்குள்ள வேற யாரும் கையை வைக்கல. இது கீரிதான் சார்."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தலைமை ஓட்டுநரே இப்படின்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். நான் ஒரு தாளைக் காரின் கூரை மேல் வைத்து மழையிலேயே எழுதினேன். மை கொஞ்சம் ஊறிவிட்டது, படிக்க முடியும். இத்துடன் இருக்கிறது.

அவர் போன பிறகு ஊமையை வெளியே இழுத்துச் சக்கரங்களைச் சரிபார்த்தார்கள். மறுபடி ஏறினேன். வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. அதே வளைவு, அதே மழை. இந்தத் தடவை காத்திருந்து மிதித்தேன். வால் அசைந்தது, பிடித்தேன். நான் பிடித்தேன், தம்பி. கேமராப் பையன் நனைந்துகொண்டே அதையும் எடுத்தான். அவர்தான் பார்க்கவில்லை.

இப்போது அறையில் உட்கார்ந்து எழுதும்போது பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை. உன் வேலைக்கு என் காலாலேயே உலை வைத்துவிட்டேனோ என்றுதான். ஒழுங்காக மெதுவாக ஓட்டிக் காட்டியிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். நாளைக்கு மறுபடி ஓட்டச் சொன்னால் மெதுவாக ஓட்டுவேனா என்று யோசித்துப் பார்த்தேன். மாட்டேன். மெதுவாக ஓட்டி எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் தாட்சண்யம்தான்.

என்ன ஆனாலும் எழுது.

அக்கா


மே 17
தலைமை அலுவலகம்

அக்கா,

கழுத்துக்கு ஒத்தடம் கொடு. முதலில் அது.

இயக்குநர் குழுக் கூட்டத்தில் நீ சுழன்ற படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். ஒருமுறை போட்டு, மெதுவாக மறுபடி போட்டார்கள். சேற்றில் நீ நிற்கிற இடத்தில் மெத்தை படத்தை நிறுத்தினார். "பாருங்க. இத்தனை வருஷ அனுபவம் உள்ளவங்களே இப்படி. இதைக் கடையில வச்சு விக்கலாமா?" என்றார்.

"மிச்சத்தையும் போடுங்க" என்றேன். மிச்சம் ஒன்றும் இல்லை என்றார். இருக்கிறது என்று எழுந்து போய்ப் படத்தை நானே ஓட்டினேன். நீ மறுபடி ஏறுவதும், அதே வளைவில் காத்திருந்து, வாலைப் பிடித்து, நேராக்கி வெளியே வருவதும் வந்தது. காரெல்லாம் சேறு. கண்ணாடி வழியாக உன் முகம் ஒரு கணம் தெரிந்தது அக்கா. நம் வீட்டில் நீ என்னோடு சண்டை போட்டு ஜெயித்தபோதெல்லாம் வருகிற முகம்.

அப்புறம் பேசினேன். "முதல்ல விழுந்தாங்க, ஏன் விழுந்தோம்னு தெரிஞ்சுது, அடுத்த தடவை விழல. முன்னாடி நான் செஞ்ச கார்ல அவங்க விழுந்திருக்க மாட்டாங்க. ஏன் விழலைன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, நமக்கும் தெரிஞ்சிருக்காது. அந்தக் காருக்கு இந்தப் பேரை நான் வைக்க விடமாட்டேன். வச்சுத்தான் ஆகணும்னா வேற தலைவரைப் பாருங்க." இதைச் சொன்னது நான்தான்.

ரொம்ப நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை சொன்னார்கள். பொத்தான் நீ கேட்டபடியே இருக்கலாம், பெயரும் வைக்கலாம், நீயும் உன் இடத்திலேயே இருக்கலாம். ஆனால் அந்தப் பொத்தானுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது, திட்டத் தலைவன் தன் பெயரில் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு எந்த ஊரில் எந்த வளைவில் எவன் அணைத்துவிட்டு விழுந்தாலும் முதலில் கேள்வி கேட்கப்படுவது நான். வக்கீல்கள் தாளோடு தயாராக இருந்தார்கள்.

பின்சீட்டுக் குழந்தைகளை நினைத்தேன். என் மகளை நினைத்தேன், அவளும் ஒருநாள் ஓட்டுவாள். அவளிடம் எந்தக் காரைக் கொடுப்பேன் என்று யோசித்தேன். தாளை வாங்கினேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தத் தடவை கை நடுங்கியது, நீ பார்த்தால் தெரியும்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது மெத்தை, முதல் தடவையாக மெதுவான குரலில், "பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்" என்றேன். "ஓட்டறவனுக்கு இருக்கணும். இத்தனை நாள் எனக்கு இல்லாததுதான் தப்பு."

தம்பி